‘பொண்ண முடிச்சிடலாம்’ என்ற சந்தேக நபர்

சந்தேகப்படுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும். எனக்கு அது தாராளமாகவே இருந்தது. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்க ஒவ்வொரு போல்ட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நீ நல்லவன்தானா?” என்று கேட்பதற்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகாது. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பேன். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்பேன்.

இப்படிப்பட்டவளின் கையில்தான் போலீஸ் ஒரு விசிலைக் கொடுத்தது.

நாங்கள் அப்போது புதுப்பட்டினத்தில் இருந்தோம். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் தெருவே அப்படித்தான், ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து வீடு கட்டியவர்கள். எதிர் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் செல்வி அக்கா மட்டும்தான் உள்ளூர். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ‘சிவப்பு கார் வீடு’, ‘நாய் வீடு’ என்றுதான் அடையாளம் சொல்லிக்கொள்வோம். (எங்கள் வீட்டுக்கு ‘மொறைக்கிற பொண்ணு வீடு’ என்று பெயர் இருந்தது பிறகுதான் தெரிந்தது.)

அடுத்த தெருவில் ஒரு அம்மாவின் கழுத்துச் சங்கிலியைப் பட்டப்பகலில் பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மா கத்தியும் ஒரு கதவு திறக்கவில்லை. அந்த வாரமே எஸ்.ஐ. மேடம் எங்கள் தெருவுக்கு வந்து, ஷாமியானா போட்டு, எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார்.

“தெருவுக்கு ஒரு போலீஸ் நிறுத்த எங்ககிட்ட ஆள் இல்லைங்க. உங்க தெருவுக்கு நீங்கதான் கண்ணு, நீங்கதான் காது. புது ஆள் யாராவது நோட்டம் விடுற மாதிரி தெரிஞ்சா உடனே எங்களுக்குச் சொல்லுங்க. சொல்ல மட்டும் செய்யுங்க. நீங்களா யார் மேலயும் கை வைக்கக் கூடாது.”

முதல் பாதியை நான் மிகவும் கவனமாகக் கேட்டேன். இரண்டாம் பாதி வருவதற்குள் விசில் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றதும் எல்லாரும் ஷாமியானாவின் ஓட்டையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

உண்மையைச் சொன்னால், அந்த வேலையால் தெருவுக்கு நல்லதும் நடந்தது. வீடு வீடாகப் போய் வாட்ஸாப் குழுவில் சேர்த்ததில் முதல் முறையாக எல்லாருக்கும் எல்லார் பெயரும் தெரிந்தது. சிவப்பு கார் வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் நாய் வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரை அடையாள அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொன்னேன். எங்கள் சொந்தச் சித்தப்பா திருநெல்வேலியிலிருந்து மூட்டையோடு வந்தபோது குழுவில் படம் போட்டு உஷார் சொன்னதும் நான்தான். (முதுகுப் பக்கம் மட்டும்தான் தெரிந்தது, நான் என்ன செய்வது?) அவரைத் தெருமுனையில் நாலு பேர் சுற்றி நின்று விசாரித்தார்கள். மூட்டையில் முறுக்கு இருந்தது.

இதற்கு நடுவில் என் சொந்த வாழ்க்கை ஒரு மனிதரின் ‘சரி’ என்ற ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடந்தது.

கம்பெனி பஸ்ஸில் திருக்கழுக்குன்றத்தில் ஏறும் தினேஷும் நானும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்து வெகுநாளாகியிருந்தது. என் வீட்டில் அழுது முடித்துச் சம்மதித்துவிட்டார்கள். அவன் அப்பா ஏகாம்பரம்தான் பிடி கொடுக்கவில்லை. விவசாயத்தோடு லோடு வேனும் ஓட்டுபவர். பூட்டிய பூட்டை வீதி வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். “ஊரு பேரு தெரியாத தெக்கத்திக்காரங்க வூட்ல பொண்ணு எடுக்கறதா? யாரு இன்னான்னு எவனுக்குத் தெரியும்?” என்றாராம். என் போட்டோவைக்கூடப் பார்க்க மறுத்துவிட்டார். நான் மட்டும் அவர் போட்டோவைத் தினேஷின் போனில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அடர்ந்த முடி, அருவா மீசை. அந்த மீசையைக் கும்பிடாத நாள் இல்லை. அவர் வேண்டாம் என்றால் தினேஷ் மீறி வர மாட்டான் என்று எனக்குத் தெரியும், அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் தினேஷ் பஸ்ஸில் கிசுகிசுத்தான். “அப்பா கொஞ்சம் எறங்கி வந்துகினு கீறாரு. நீ ஒண்ணும் பண்ணாம அமைதியா இரு. அது போதும்.”

நான் அமைதியாக இருந்தேன். சனிக்கிழமை காலை வரை இருந்தேன்.

அன்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வி அக்காவின் குரல் செய்தி குழுவில் வந்தது.

“கோமதி, ஒரு மொட்டத் தல ஆளு உங்க வூட்டப் பத்தியே நோண்டி நோண்டிக் கேட்டுகினு கீறான். சொந்த வூடாங்கறான். காலைல யாரு யாரு எப்பக் கெளம்புவாங்கன்றான். நாய் கீதான்றான். இன்னான்னு கேட்டா, வாடகைக்கு வூடு பாக்க வந்தானாம்.”

அடுத்த நொடி தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் எழுதினார். “என்கிட்ட மனை புரோக்கர்னு சொன்னாரே?”

ரெண்டு இடத்தில் ரெண்டு பொய்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, மழித்த தலை, மழித்த முகம். எங்கள் வாசலுக்கு நேராக நின்று, போனை நெஞ்சுக்கு முன்னால் தட்டு மாதிரி பிடித்துக்கொண்டு, கிழக்கே திரும்பினார், வடக்கே திரும்பினார். வீட்டை எல்லாப் பக்கமும் படம் எடுக்கிறான் பாவி! பிறகு மதிலோரம் நிழலுக்கு ஒதுங்கி யாருக்கோ போன் போட்டார். நான் பூனை மாதிரி போய் மதிலுக்கு இந்தப் பக்கம் காதை வைத்தேன்.

“எல்லாம் பாத்துட்டேன். வூடு தோதாத்தான் கீது. நாய் இல்ல. வெள்ளிக்கெழம ஆளுங்கள இட்டுகினு வண்டில வந்துடுவோம். இந்தப் பொண்ணையே முடிச்சிடலாம்.”

பொண்ணு! எங்கள் வீட்டில் பொண்ணு என்று இருப்பது நான் ஒருத்திதான். என்னைத்தான் முடிக்கப் போகிறார்கள், அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் ஆள் வைத்து.

கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன். விசிலை ஊதிய ஊதில் நாய் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். அந்த ஆளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

“யார் நீங்க? இங்க என்ன வேலை?”

“ஐயோ, இன்னாம்மா இது, கைய உடு! சொந்த விசயமா வந்தேன்.”

“என்ன சொந்த விஷயம்?”

“அத்த வெளிய சொல்லக் கூடாதும்மா. நீ யாரு?”

“நான் இந்தத் தெரு பாதுகாப்புப் பொறுப்பாளர்!” என்றேன். பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பெயரைச் சொல்லவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சங்கிலி போன அன்று திறக்காத கதவெல்லாம் திறந்தன. அந்தப் பெருமையில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. செல்வி அக்கா மாவுக் கையோடு ஒரு போட்டோ எடுத்தார். ‘சந்தேக நபர் பிடிபட்டார். உஷார்!’ என்று அவரையே குழுவில் போடச் சொன்னேன். போலீஸ் வண்டி வருவதற்குள் அந்தப் படம் முட்டுக்காடு வரை போய்விட்டது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. மேடம் அவரை பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டார்.

“பெரியவரே, பேரு?”

“ஏகாம்பரம்ங்க.”

உலகத்தில் எத்தனையோ ஏகாம்பரம் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“எந்த ஊரு?”

“திருக்கழுக்குன்றம் பக்கம்.”

திருக்கழுக்குன்றம் பக்கமும் எத்தனையோ ஏகாம்பரம் உண்டு.

“எதுக்கு அந்த வீட்டைப் பத்திக் கேட்டீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “பையனுக்குப் பொண்ணு விசயமாங்க. மறைமலைநகர்ல கம்பெனில கீறான், தினேஷுன்னு. சம்பந்தம் பண்றதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல விசாரிக்கறதுதான? யாருன்னு சொல்லிட்டு விசாரிச்சா எவன் உண்மையச் சொல்லுவான்? அதான் வூடு பாக்க வந்தேன்னு ஒரு பொய்யி. போன்ல வாசப்படி எந்தத் தெசைன்னு பாத்தேன். நாய்ன்னா எனக்கு பயம், நாளைக்கு வரப் போக இருக்கணுமில்ல, அதான் கேட்டேன்.”

எஸ்.ஐ. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “நான் தகவல்தான சொல்லச் சொன்னேன், ஆளை யாரு பிடிக்கச் சொன்னது? சரி, உங்க பேரு என்ன?”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. “கோமதி.”

பெஞ்சில் மொட்டைத்தலை மெல்ல நிமிர்ந்தது. “எந்த கோமதி?”

பெண் கேட்டு வரும் மாமனார் முன்னால் பட்டுப்புடவையில் தலைகுனிந்து நிற்க வேண்டியவள் நான். நைட்டியோடு, எண்ணெய் வழியும் தலையோடு, கழுத்தில் விசிலோடு நின்றேன். அவர் மணிக்கட்டில் என் விரல்கள் பத்தும் பதிந்து சிவந்திருந்தன. அம்மா ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும், “ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். தகவல் கேட்டு வந்த தினேஷ் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

“மீசை இருந்துச்சே...” என்று நான் அழுதேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

“திருப்போரூர் முருகனுக்குக் குடுத்துட்டேன்,” என்றார் ஏகாம்பரம். “பையன் மனசு மாறணும்னு வேண்டிகினேன். அவன் மாறல, அதான் விசாரிக்க வந்தேன்.”

என் கல்யாணம் நடக்கக் கூடாது என்று போட்ட மொட்டை! நான் அழுவதை நிறுத்திவிட்டேன். எல்லாம் போனது என்று ஆன பிறகு பயம் எதற்கு?

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “ஏம்மா, நாளைக்கு என் வூட்டுக்கு வந்தாலும் இப்படித்தான் இருப்பியா? வர்றவன் போறவன் கையப் புட்சிகினு?”

“யாரா இருந்தாலும் கேப்பேன்,” என்றேன். கோபமும் அழுகையும் சேர்ந்து மூக்கு ஒழுகியது.

அவர் தினேஷைக் காட்டி எஸ்.ஐ. மேடத்திடம் சொன்னார். “இவன் பைக்க சாவியோட உட்டுட்டு வருவான். இவங்க அம்மா கதவத் தெறந்து போட்டுட்டுத் தூங்குவா. எங்க வூட்ல இத்தினி வருசமா நான் ஒருத்தனே சந்தேகப்பட்டுகினு கீறேங்க. கூட ஒரு ஆளு இல்ல.”

போனை எடுத்து மனைவிக்குப் போட்டார். “நான்தான். ஸ்டேஷன்ல கீறேன். அது ஒண்ணுமில்ல. காலைல சொன்னதுதான், இந்தப் பொண்ணையே முடிச்சிடலாம்.”

வாசலில் நின்ற ஏட்டு திடுக்கிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

(திரும்பி வரும்போது செல்வி அக்கா சொன்னார்: “எனக்கு அப்பவே பொண்ணு விசயமோன்னு தோணிச்சு. நீதான் தோணவே உடல.”)

தை மாதம் முடித்தார்கள். இன்றும் மாமனார் வெளியே போய்விட்டு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று, “பொறுப்பாளரே, வாடகைக்கு வூடு கீதா?” என்பார். ஊரில் யார் வீட்டிலாவது ‘முடிச்சிடலாம்’ என்று சம்பந்தம் பேசினால், எங்கள் வீட்டில் எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள். அந்தப் படம் மட்டும் இன்னும் ஓயவில்லை. எங்காவது சங்கிலி அறுத்தால் மறுநாள் ஏதோ ஒரு குழுவிலிருந்து, ‘இவர் வந்தால் விடாதீர்கள்’ என்று மாமனார் திரும்பி வருவார்.

போன வருஷம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். பேனருக்குப் படம் கேட்டால், “அத்த போடு. அதுலதான் நான் தெளிவா கீறேன்,” என்று ஒற்றைக் காலில் நின்றார். பேனர் அடிப்பவர் என் நைட்டியை அழித்து ஒரு பட்டுப்புடவையை ஒட்டினார். விசிலை ஏதோ டாலர் என்று நினைத்து விட்டுவிட்டார்.

மண்டப வாசலில் வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று பார்த்தார்கள். தூரத்துச் சொந்தத்தில் ஒரு அம்மா உருகியேவிட்டார். “மாமனாரு கையப் புட்சிகினு நிக்கறத பாரேன். பெத்த பொண்ணுகூட இப்படிப் பாசமா நிக்காது.”

மாலையும் கழுத்துமாக அந்தப் பக்கம் வந்த மாமனார் நின்றார். வளர்ந்துவிட்ட மீசையைத் தடவிக்கொண்டார்.

“பாசமா? நான் ஓடிடக் கூடாதுன்னு புட்ச்ச புடிம்மா அது,” என்றார். “இன்னும் உடல.”