ஆறாவது விரலுக்கு நான் சொன்ன அர்த்தம்

ஒரு படத்தை வரைவதைவிட அதற்கு அர்த்தம் சொல்வதுதான் பெரிய கலை என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது அது.

தொண்ணூறுகளின் நடுவில், காங்கேயத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சரவணம்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில், நான் வரைந்த பென்சில் படத்தை அப்பா கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை எழும்பி, ஒரு செடியை ஏந்தி நிற்கும். மணிக்கட்டிலிருந்து வேர்கள் இறங்கும். (வேருக்குக் காட்டிய அக்கறையை நான் விரலுக்குக் காட்டவில்லை.)

மாப்பிள்ளை இடது கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், வியர்க்கிறது போல என்று நினைத்தேன். பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவருடைய அம்மா கச்சாயத்தைக் கடித்தபடி படத்தையே பார்த்தார்.

"ஏனம்மணி, இது நீ வரைஞ்சதா?"

"ஆமாங்க. கை மனுசனோட உழைப்புங்க, செடி இயற்கைங்க. ஒண்ணுக்கொண்ணு ஆதரவுங்க."

"அது செரி. விரலு ஆறு இருக்குதே?"

எண்ணினேன். ஆறுதான். தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பி.ஏ. படித்தவள் (அதுவும் இங்கிலீஷ் லிட்டரேச்சர்).

"வேணும்னே போட்டதுங்க. ஆறாவது விரலு மனுசனோட பேராசைங்க. இயற்கையை அழிக்கிறதே அதுதானுங்க."

அந்த அம்மா கச்சாயத்தைத் தட்டில் திருப்பி வைத்தார். தரகர் விட்டத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை நிதானமாகக் கைக்குட்டையை அவிழ்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அதே கையால் காபி டம்ளரை எடுத்தார். சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல் இருந்தது.

நான் சமையலறைக்குள் ஓடினேன். "அம்மா, எல்லாத்தையும் கெடுத்துப்போட்டேன்!"

"அழுவாத கண்ணு," என்ற அம்மாவும் அழுதாள்.

வெளியே அவருடைய அம்மா, "கெளம்பலாங்க," என்றார். உடனே மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"இருங்கம்மா. இதுவரைக்கும் பாத்த பொண்ணு ஊட்டுல எல்லாம் சிரிச்சுப் பேசிப்போட்டு, அப்பறமா தரகர்கிட்டத்தான வேண்டாம்னு சொல்லி விட்டாங்க? இந்த அம்மணிதான் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்குது. எனக்குச் சம்மதமுங்க."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. எதுவுமே தெரியாமல் நான் உளறியதை மறுவீட்டு விருந்தில்தான் அவரிடம் சொன்னேன். சாப்பிட்டது புரையேறும்வரை சிரித்தார்.

இன்றைக்கும் அவர் இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டினால், "எந்த விரலு கேக்குதுங்கப்பா?" என்பாள் மகள். அவர் பணிவாக இடது கையைத் தூக்கிக் காட்டுவார். வீடே சிரிக்கும், என் மாமியாரைத் தவிர.