பிராக்கெட்டு அண்ணனின் இங்கிலீஷ்

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலேயே இங்கிலீஷை மடமடவென்று படிக்கும் ஒரே மெஷின் ஆபரேட்டர் நான்தான். பொய்ங்க. எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் ரசித்துப் படித்துவிட்டு, அதற்கு மேல் பள்ளிக்கூடத்தைத் தொந்தரவு செய்யாமல் வந்தவன். எழுத்துக் கூட்டுவேன். அர்த்தம் மட்டும் கூடாது.

ஆனால் இது பொய்யில்லை: பிராக்கெட்டு அண்ணனைப் போல ஒரு புரோகிராமர் இந்தப் பூமியில் இரண்டாவது கிடையாது.

எங்கள் பட்டறையில் இரும்பைக் கடையும் கம்ப்யூட்டர் மெஷின்கள் மூன்று. எந்த டூல் எங்கே போக வேண்டும், எவ்வளவு வெட்ட வேண்டும் என்று அவற்றுக்கு எழுதித் தருபவர் அண்ணன். பள்ளிப்பட்டுக்காரர். முதலாளி முதல் நாய் வரை எல்லாரும் அவருக்கு ‘நைனா’தான். புரோகிராமில் பிராக்கெட்டுக்குள் எழுதுவதை மெஷின் கண்டுகொள்ளாது. அது மனுஷன் படிக்க. மெஷினில் இருப்பதோ இங்கிலீஷ் எழுத்து மட்டும். அண்ணனுக்குத் தெரிந்ததும் எழுத்து மட்டும். அதை வைத்தே பிராக்கெட்டுக்குள் தமிழில் பேசுவார்.

‘மூணாம் நம்பர் டூலு கோவக்காரன். மெல்ல போ.’

‘இங்க கை வெச்சா ஊட்டுக்கு நாலு வெரலோட போவ.’

‘எட்டு நிமிஷம் ஆவும். நாஷ்டா துண்ட்டு வா.’

ஒரு முறை ஷாஃப்ட் புரோகிராமின் நட்டநடுவில், ‘கேன்டீன் சாம்பாரை நம்பாத’ என்று இருந்தது. அன்றைக்கு அடுத்த ஷிப்டில் பன்னிரண்டு பேர் தயிர்சாதம் சாப்பிட்டுப் பிழைத்தார்கள்.

போன வருஷம் புது மேனேஜர் வந்தார். திரையைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“என்னய்யா இது? கஸ்டமர் பார்த்தா மானம் போயிடும். புரோகிராமர்னா இங்கிலீஷ் தெரியணும். ஒரு மாசம் டைம். கத்துக்கோ. இல்லன்னா பேக்கிங்குக்குப் போ.”

பத்தொன்பது வருஷ புரோகிராமர் அட்டைப்பெட்டி ஒட்டுவதா! அண்ணன் நேராக என்னிடம் வந்தார். எல்லாரிடமும் நான் அளந்து வைத்திருந்ததன் பலன்.

“நைனா, உனக்குத்தான் இங்கிலீஷ் வரும்ல? கத்துக் குட்றா.”

“அதுக்கின்னாண்ணா! ஒரே வாரம்!”

அந்த வாரம் முழுக்க நான் சொல்லிக்கொடுத்தது ‘குட் மார்னிங்’. மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

அதற்குள் மேனேஜர் எல்லா பிராக்கெட்டையும் படித்துக்கூடப் பார்க்காமல் அழித்து, தானே சுத்தமான இங்கிலீஷ் போட்டுவிட்டார். புது ஜாப், அதாவது கடைய வேண்டிய இரும்புத் துண்டு, என் மெஷினில் ஏறியது. பாதியில் மெஷின் நின்றது. திரையில் ஒரு நீள வரி. பின்னாலேயே மேனேஜர்.

“படிச்சியா?”

செய்தித்தாள் படிப்பவன் போலத் தலையை இடமிருந்து வலமாக ஓட்டினேன். “எஸ் சார்!” என்று பட்டனை அமுக்கினேன்.

டமால்!

ஜாப்பைக் கழற்றித் திருப்பி மாட்டு என்பதுதான் அந்த வரி. திருப்பாத ஜாப் நீட்டிக்கொண்டிருக்க, டூல் பாய்ந்து வந்து முட்டித் தூளானது. நல்லவேளை, எவனுக்கும் அடியில்லை.

மேனேஜர் அண்ணன் மேல் பாய்ந்தார். “உன் புரோகிராம்தானே? இன்னைக்கே பேக்கிங்குக்குப் போ!”

அண்ணன் எண்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தப்பு எதுவும் கிடைக்கவில்லை. அந்த நீள வரி அவருக்கும் புரியவில்லை. “நான் எய்துனதுதான் சார். தப்பு என்னுதாத்தான் இருக்கும்” என்று பேனாவை மேஜை மேல் வைத்தார்.

வாயைத் திறந்தால் என் கெத்து காலி. திறக்காவிட்டால் அண்ணன் காலி.

“சார், எனக்கு இங்கிலீஷே தெரியாது சார். சும்மா தலையாட்டிக்கினு அமுக்கிட்டேன்.”

மேனேஜர் மற்ற ஆபரேட்டர்களைத் திரும்பிப் பார்த்தார். “உங்கள்ல யாருக்கு இது புரியுது?”

எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

மேனேஜர் அண்ணன் பக்கம் திரும்பிக் கேட்டார், “இந்த இடத்துல நீ என்னன்னு எழுதியிருந்தே?”

“தோசையத் திருப்பு நைனான்னு சார்.”

மேனேஜரின் மீசை லேசாக ஆடியது. “திரும்பப் போடு.”

“உன்னுதையும் அயிக்காம உட்று சார். மேல இங்கிலீஷு, கீழ நம்முளுது. பாத்துப் பாத்தே நாங்க கத்துக்கினு பூடுவோம்.”

இன்றைக்குத் திரையில் இரண்டு வரி ஓடுகிறது. அண்ணன் இப்போது மெஷினோடு வந்த கனமான இங்கிலீஷ் புத்தகத்தில் முப்பதாவது பக்கத்தில் இருக்கிறார். மேனேஜர் போன வாரம் ஒரு பிராக்கெட்டுக்குள் தமிழில் என்ன எழுதினார் தெரியுமா...

“இன்னாடா, சோத்த வெச்சிக்கினு எய்திக்கினே கீற?” தலைக்கு மேல் அண்ணன் குரல்.

“உன்னப் பத்திதாண்ணா.”

“நெசத்த எய்து. மொதல்ல வா, உன் மெசினு நிக்குது.”

எழுந்துவிட்டேன். பாதி தின்ற என் டிபன் பாக்ஸை ஈ மொய்க்காமல் அவரே மூடிவைக்கிறார்.