சேவ் வயர்மேன்

கரண்டை நிறுத்துவதற்கு முன்னால் ஊரிடம் அனுமதி கேட்ட வயர்மேன் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் நாகலூரில் இருந்தார். மற்ற ஊர்களில் கரண்டு போகும், வரும். எங்கள் மலையில் அது சொல்லிக்கொண்டு போகும்.

நான் சங்ககிரியிலிருந்து ஏற்காடு மலையேறி, நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரே ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கு ஓடிவிட்டாராம். சேர்ந்த மூன்றாம் நாள், காப்பி பறிக்க வந்தவர்களின் வருகைப் பதிவை அடித்துக்கொண்டிருக்கும்போது மேஜைப் போன் அடித்தது.

"ஏனுங்க, எஸ்டேட் ஆபீசுங்களா? சேவ் பண்ணியாச்சுங்களா?"

நான் தாடையைத் தடவிப் பார்த்தேன். அந்தக் குளிரில் மூன்று நாளாக நான் சவரக் கத்தியைத் தொட்டிருக்கவில்லை. மேனேஜர் ஆள் வைத்துக் கண்காணிக்கிறார் என்று நினைத்து, காலையில் நேரம் கிடைக்கவில்லை, நாளைக்குக் கட்டாயம் பண்ணிவிடுகிறேன் என்றேன்.

"நாளைக்கு ஆகாதுங்க. அஞ்சு நிமிசம் தர்றேன், பண்ணிப்போடுங்க."

ஐந்து நிமிடத்தில் எங்கே போய் மழித்துக்கொள்வது? ஆபீசில் கண்ணாடிகூடக் கிடையாது. மேல்கோட்டின் காலரைத் தூக்கித் தாடையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்ன நேரத்துக்குக் கரண்டு போனது. அன்று காலை முழுக்க அடித்த நூற்றுச் சொச்சம் பெயர்களும் கூடவே போயின. அப்புறம்தான் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் விளக்கினார். பேசியது வயர்மேன். லைனில் வேலை என்றால் முன்கூட்டியே எல்லாருக்கும் போன் போட்டு, செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேவ் செய்துகொள்ளச் சொல்வார். அதனால் கொட்டச்சேடு வரைக்கும் அவருக்குச் சேவ் வயர்மேன் என்றே பெயர்.

எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தான். மாவு மில்காரம்மாவுக்கும் போன் போகும். அந்தம்மாவுக்குச் சேவ் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் போன் வந்தவுடன் ராகியைக் கொட்டுவதை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சலூன்காரருக்குத்தான் குழப்பம். அவர் கடையில் நாளெல்லாம் அதைத்தானே செய்கிறார்கள். ஒருமுறை மெஷினால் பாதித் தலை வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்து, "பண்ணிக்கிட்டேதானுங்க இருக்கறேன்" என்று பதில் சொல்லிவிட்டார். அன்று மாலை வரை மீதித் தலையோடு ஒருவர் பஸ் ஸ்டாப்பில் நின்றதை நானே பார்த்தேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு ஒரு விளையாட்டுப் பெட்டியால் வந்தது. டிவியில் மாட்டி ஆடுவார்களே, அந்தப் பெட்டி. அவருடைய மருமகனுடையது. பேரன் பிறந்தவுடன் அது இருந்தால் இந்த ஆள் குழந்தையைத் தூக்கமாட்டார் என்று மகள் முடிவு செய்து, அதை மலைக்கு அப்பாவிடம் அனுப்பிவிட்டாள். பேரனைப் பார்த்துக்கொள்ள அவர் மனைவியும் தாரமங்கலத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். மனைவி இறங்கிப் போனார், பெட்டி ஏறி வந்தது. வயர்மேன் இதைச் சொல்லும்போது சிரிப்பார். நாமும் சிரிக்க வேண்டும் போலிருக்கும். சிரித்து முடித்தபின் அவர் வீட்டுக்குள் ஒரு சத்தமும் இருக்காது.

பெட்டியில் சிடி போடும் இடம் பழுது. சேலத்துக் கடைக்காரர் ஒருவர் கம்பெனிக்காரன் உள்ளே போட்டிருந்த பூட்டை உடைத்து, வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் அதிலிருந்தே விளையாட்டு ஓடும்படி மாற்றிக் கொடுத்திருந்தார். டிஸ்க்கில் எத்தனையோ சண்டை, பந்தயம். வயர்மேன் ஆடியது ஒன்றே ஒன்று. கடலோரமாக ஒரு சின்னத் தீவு. அதில் நாம் குடிசை போடலாம், மீன் பிடிக்கலாம், மரம் நடலாம். அவ்வளவுதான், யாரையும் சுட வேண்டியதில்லை. பதினோரு நாள் பாடுபட்டு அதில் ஒரு படகு கட்டியிருக்கிறார். அதைச் சேவ் செய்யாமல் லைன் வேலைக்குப் போய், தன் குடியிருப்புக்கு வரும் ஃபியூஸைத் தானே பிடுங்கிவிட்டார். "எங்கையாலதானுங்க புடுங்கினேன்" என்று அந்தக் கையை நீட்டிக் காட்டுவார். தனக்கு நேர்ந்தது மலையில் இன்னொருவருக்கு நேரக் கூடாது என்றுதான் அந்தப் போன்கள்.

அதோடு விடவில்லை. இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, தீவை அப்படியே அதிலும் பிரதியெடுத்தார். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே கதி என்று, ஒன்றை பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சுற்றிலும் அடைத்து, என் ஆபீஸ் பீரோவில் கொண்டுவந்து வைத்தார். ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அதைக் கம்ப்யூட்டரில் சொருகக் கூடாது. விளையாட்டுப் பெட்டி டிஸ்க்கில் எழுதுகிற விதம் வேறு. கம்ப்யூட்டருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

கைம்மாறாக என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். மதியமே பனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. அவர் தீவில் ஒரே வெயில். மரங்கள் வரிசையாக, எந்தக் கிளையும் எந்தக் கம்பியையும் தொடாமல் நின்றன. வயர்மேன் நட்ட மரங்கள் அல்லவா. ஆனால் தீவிலிருந்த கடைப் பக்கம் வந்தவுடன் அவர் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்தார். கடையிலிருந்து ஒரு குண்டம்மா வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். திரையில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் ஏதோ வந்தது. வயர்மேன் அதைப் படிக்காமல் ஒரு பட்டனை அமுக்கி விரட்டினார். இரண்டு வருஷமாக இந்தம்மா வையாத நாளில்லை, எதற்கென்றுதான் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டார்.

மறுபடி போகச் சொன்னேன். எழுத்து வந்தது. தமிழில் படித்துக் காட்டினேன். "நாலு நாளாக உங்களைக் காணோமே. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உங்களுக்கென்று மீன் எடுத்து வைத்திருந்தேன்."

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"நாலு நாளுன்னா போட்டிருக்குதுங்க?"

ஆமாம் என்றேன்.

"செம்மநத்தம் லைன்ல நாலு நாளுங்க. செரியா எண்ணி வெச்சிருக்குது."

பிறகு டிவியைப் பார்த்து, "நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்றார். நான் வெளியே பனியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாடு முடிந்து நான் அங்கே போவது வழக்கமாகிவிட்டது. கடைக்காரம்மா பேசுவாள், நான் படிப்பேன், அவர் பதில் சொல்வார். என் அறையில் என்னோடு பேச சுவரில் ஒரு காலண்டர்தான் இருந்தது. அதனால் யார் யாருக்கு உபகாரம் செய்தோம் என்று இப்போது சொல்வது கஷ்டம்.

இனி வருவது நான் செய்தது. ஆடிட்டருக்கு மூன்று வருஷத்து வருகைப் பதிவுகளை அன்றே நகலெடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மேனேஜர் வந்து நின்றார். பென் டிரைவ் எதிலும் இடமில்லை. பீரோவில் பிஸ்கட் டப்பா இருந்தது. அவர் சொன்னது மறக்கவில்லை. ஒரு மூலையில் நகல் போட்டுவிட்டு எடுத்துவிடுவோம், கம்ப்யூட்டர் படித்தவனுக்குத் தெரியாததா வயர்மேனுக்குத் தெரியும் என்று நினைத்தேன். சொருகினேன். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்று அமுக்கினேன். அதன் பிறகு டிஸ்க்கில் எக்கச்சக்கமாக இடம் இருந்தது. தீவு இல்லை.

அதைத் துடைத்து டப்பாவில் வைத்துப் பொட்டலங்களைப் பழையபடி அடுக்கினேன். அவரிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். சொல்ல வேண்டிவரும் என்பதால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்று எனக்கே சொல்லிக்கொண்டு படுத்துவிட்டேன்.

அன்று மதியம் இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. கொட்டச்சேடு பக்கம் மரம் சாய்ந்தது என்று அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகிற வழியெல்லாம் போன் போட்டு, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கும் வந்தது. எடுக்கவில்லை. பிறகு இன்னொரு மரம் விழுந்து கம்பியும் கம்பியும் உரசி, வீடுகளுக்குள் ஹை வோல்டேஜ் பாய்ந்தது. அவர் பேச்சைக் கேட்ட வீடுகளில் ஒரு பல்புகூடப் போகவில்லை. அவர் வீட்டில் போன் எடுக்க ஆளில்லை. டிவியும் விளையாட்டுப் பெட்டியும் அதில் மாட்டியிருந்த டிஸ்க்கும் கருகிப் போயின.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் ரெயின்கோட்டை உதறிக்கொண்டு நின்றார். முகம் தெளிவாகவே இருந்தது.

"ஞாயித்துக்கெழம, நீங்க வருவீங்கன்னு அணைக்காமப் போய்ட்டேனுங்க. கதவையும் சாத்திப் பூட்டல. பரவால்ல. உங்ககிட்டத்தான் இன்னொண்ணு இருக்குதுங்களே."

டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னேன். மேனேஜர் அவசரப்படுத்தினார் என்று தொடங்கினேன். பிறகு அதை விட்டுவிட்டு, நான்தான் அமுக்கினேன் என்றேன்.

அவர் டப்பாவைத் திறக்கவில்லை. மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அழிக்கறதுக்கு முன்னால உங்களக் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க."

"கேட்டுட்டுத்தான் பண்ணிச்சா. அப்ப அதச் சொல்லிக் குத்தமில்லைங்க."

டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். ரெயின்கோட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டே தூறலில் நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அன்றிலிருந்து எங்கள் ஆபீசுக்குப் போன் வரவில்லை. மில்காரம்மாவுக்கு வந்தது, சலூனுக்கு வந்தது. எனக்கு மட்டும் கரண்டு சொல்லாமல் போனது. மூன்று தடவை மொத்தப் பதிவையும் பறிகொடுத்து, கடைசியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சேவ் என்று அடிக்கப் பழகினேன். ஒரு சனிக்கிழமை டப்பாவைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் போனேன். அழிந்ததை மீட்கும் கடைக்காரர் அரை நாள் போராடி, வெற்றிச் சிரிப்போடு மூன்று வருஷத்து வருகைப் பதிவுகளை மீட்டுக் கொடுத்தார். அவை தொலைந்தே போகவில்லை. தீவைப் பற்றிக் கேட்டதற்கு, இந்த மாதிரி டிஸ்க்கெல்லாம் நம்மிடம் முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. லைன் வேலை இல்லை. சும்மா இருந்தால் ஊடு வரைக்கும் வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டேன்.

அவரும் சேலம் போயிருக்கிறார். அதே மாதிரி ஒரு பழைய பெட்டி, அதே கடைக்காரர், புது டிஸ்க். திரையில் தீவு இருந்தது. வெறும் மணல். ஒரு மரம் இல்லை, குடிசை இல்லை. கடை வாசலில் குண்டம்மா நின்றுகொண்டிருந்தாள். மூன்று நாளாக இதைத் தாண்டிப் போக முடியவில்லை, எந்தப் பட்டனை அமுக்கினாலும் நகரமாட்டேன் என்கிறாள் என்றார். திரையில் இருந்ததைப் படித்தேன். "வாருங்கள். உங்களை இதற்கு முன்னால் பார்த்ததில்லையே. உங்கள் பெயர் என்ன?"

"நெசமாலுமே தெரியலீங்களா அதுக்கு?"

தெரியாது என்றேன். சேவ் போனால் அவளுக்கும் எல்லாம் போய்விடும் என்றேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

"செரி. மொதல்லருந்து சொல்லிக்குவோம். அடிங்க."

அடிப்பதற்குக் கையை வைத்தபிறகுதான், அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது உறைத்தது. அவர் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட அந்த மலையில் அப்போது ஒருவரும் இல்லை. குண்டம்மா உடனே கூப்பிட்டாள். அவர் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

நான் கிளம்பும்போது ஆணியில் மாட்டியிருந்த இன்னொரு சாவியை எடுத்துக் கையில் கொடுத்தார். எதற்கென்று விளக்கவில்லை. அடுத்த வாரமே விளங்கியது. வானம் இருட்டியவுடன் செம்மநத்தத்திலிருந்து போன் போட்டு, கம்பத்து மேலே இருக்கிறேன், ஊட்டுக்குப் போய் எல்லாவற்றையும் பிடுங்கிவிட முடியுமா என்றார். ஆபீசை ரைட்டரிடம் விட்டுவிட்டு மேட்டில் ஓடினேன். அந்த மலையில் நான் இருந்த மிச்ச இரண்டு வருஷமும் மழைக்கு முன்னால் ஓடியது நான்தான். குடையைப் பிடித்துக்கொண்டு நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு மில்காரம்மா காயப்போட்ட துணியை எடுக்கப் போவார்.

போன வருஷம் எனக்குச் சேலத்தில் வேறு வேலை கிடைத்தது. புறப்படும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சாவியை வைத்து நான் என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. ஊட்டுச் சாவி ஒருத்தருகிட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி இறங்கியது. அடிவாரம் வரும் வரைக்கும் அதைப் பைக்குள் போட எனக்கு மனசு வரவில்லை.