நீலமாகாத தங்கம்

எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், இந்நேரம் அந்தச் சிவப்புக் கரைசல் நீலமாகியிருக்க வேண்டும். ஸமீஹாவின் சோதனைக் குழாயில் அது கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் சிவப்பாகவே நின்றது.

அவள் வருடக்கணக்கில் உயிரைக் கொடுத்துச் செய்த ஆராய்ச்சி அது. கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்களை நீரில் மிதக்கவிட்டால் நீர் சிவக்கும். அதில் கிருமியுள்ள தண்ணீரைச் சொட்டினால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீலமாகும். உப்பு பட்டாலும் அப்படித்தான். நீலமானால் ஆராய்ச்சி தொடரும். ஆகாவிட்டால் இன்றோடு ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு.

பூட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க டெல்லியிலிருந்து வந்த நிபுணர் ஸ்வாமிநாதன் எதிரே உட்கார்ந்திருந்தார். பிறந்த ஊர் ஆழ்வார்திருநகரி. கல்லூரி வாசலில் ஆலாத்தி சுற்றி வைத்த சிவப்புப் பொட்டு நெற்றியில் இருந்தது.

"என்னம்மா, நீலத்தைக் காணுமே?" என்றார்.

"தண்ணி சுத்தமா இருக்கும் சார்" என்று முந்திக்கொண்டார் ஸமீஹாவின் வழிகாட்டிப் பேராசிரியர் ஹரிநாராயணன்.

"இல்ல சார், சீவலப்பேரி ஆத்துல எருமை குளிக்குத எடத்துல எடுத்தது" என்று போட்டு உடைத்தாள் ஸமீஹா.

பேராசிரியர் அவளை முறைத்தார். "அப்போ அந்தச் சாக்கடைத் தண்ணிய ஊத்து."

ஊற்றினாள். அதற்கும் சிவப்புதான். கரைசல் இன்று கொஞ்சம் கலங்கலாக இருப்பதுபோல் அவளுக்குப் பட்டது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததால் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"ரெண்டு சொட்டு அமிலம் விட்டுப் பாரு, பைய" என்று காதோரம் கிசுகிசுத்தார் பேராசிரியர்.

விட்டாள். பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது.

ஸ்வாமிநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "மஞ்சளா? உங்க அறிக்கையில மஞ்சளே கிடையாதே?"

இந்த இடத்தில் பேராசிரியர் சும்மா இருந்திருக்கலாம். காலமெல்லாம் வகுப்பெடுத்த வாய், எங்கே சும்மா இருக்கும்?

"மஞ்சள்னா, இதுவரைக்கும் யாரும் பார்க்காத புதுக் கிருமி சார்" என்று அள்ளிவிட்டார்.

"புதுக் கிருமியா? என் தங்கை ஊர்ல இந்த ஆத்துத் தண்ணியத்தானே குடிக்கறா?" ஸ்வாமிநாதன் கைப்பேசியை எடுத்துவிட்டார். "பாகீரதி, குழாயை மூடு. ஏன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல மூடு." அதை வைத்ததும், "அடுத்தது கலெக்டர். உங்ககிட்ட நம்பர் இருக்கா?" என்றார்.

பேராசிரியர் தன் கைப்பேசியைப் பைக்குள் ஒளித்தார். தாமிரபரணியையே மூடிவிடுவார்கள் போலிருந்தது.

"இருங்க சார்" என்று குறுக்கே விழுந்தாள் ஸமீஹா. "சுத்தமானதை ஊத்தினா சிவப்பாவே இருக்கும். பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க." சுத்தமானதாக அவள் கண்ணில் பட்டது, ஸ்வாமிநாதனின் டம்ளரில் மிச்சமிருந்த எலுமிச்சைச் சாறுதான். புதுக் குழாயில் சிவப்புக் கரைசலை எடுத்து, சாற்றைச் சொட்டினாள்.

முன்னைவிட நல்ல மஞ்சள்.

"நான் குடிச்சதுலயா?" ஸ்வாமிநாதன் டம்ளரை எட்டிப் பார்த்தார். "அப்பவே நினைச்சேன், வயித்தைப் பிசையறதேன்னு." முகமெல்லாம் குப்பென்று வியர்த்து, மூக்கு நுனியில் சொட்டியது. பேராசிரியர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவதா, ஓடிவிடுவதா என்று தெரியாமல் நின்றார்.

ஸமீஹாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆராய்ச்சி போனதோடு, ஒரு நல்ல மனுசரையும் அல்லவா படுக்க வைத்துவிட்டோம்?

டம்ளரை எடுத்துப்போக வந்த ஆய்வுக்கூட உதவியாளர் முத்துராணி, மேசையில் சிவப்புக் கரைசல் இருந்த பீக்கரை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு ஸ்வாமிநாதனின் நெற்றியையே உற்றுப் பார்த்தாள்.

"எம்மா ஸமீஹா, இது நான் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு குளிர்பெட்டியில வச்சிருந்த ஆலாத்தித் தண்ணியில்லா? அப்போ எதைச் சுத்தி நான் சாருக்குப் பொட்டு வச்சேன், வேர்க்க வேர்க்க நீலமால்லா மாறுது?"