மனுஷன் கால் படாத மண்

மண்ணுக்குத் துக்கம் பிடித்திருக்கிறதாம். சொன்னவர் மண்செவியார். தலையாட்டியவர்கள் வட்டாரத்துப் பழத்தோட்டக்காரர்கள் அத்தனை பேரும்.

பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் அன்று எள் விழ இடமில்லை. மண்செவியார் ஒரு பித்தளைப் புனலைத் தரையில் கவிழ்த்து, அதன் குழாயில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. "விம்முது," என்றார் கடைசியில். அவ்வளவுதான், முன்வரிசையும் விம்ம ஆரம்பித்தது. சொந்த மாமியார் செத்தபோது வராத கண்ணீரெல்லாம் அன்றைக்கு வந்தது.

காய்ப்புக் குறைந்தது என்னவோ உண்மை. வருஷக்கணக்காக மூட்டை மூட்டையாக உரத்தைக் கொட்டி, உதிர்ந்த இலையைக் கொளுத்தி, ஒரு புல்கூட விடாமல் சுரண்டிப்போட்டால் எந்த மண்தான் தாங்கும்? இதற்கு வைத்தியம் இல்லாமலில்லை. இலையை மக்கவிட வேண்டும், மரங்களுக்கு நடுவே பயறு விதைக்க வேண்டும், அப்புறம் பொறுத்திருக்க வேண்டும். பொறுப்பது யாருக்குப் பிடிக்கும்?

மண்செவியாரின் வைத்தியத்தில் பொறுமைக்கு வேலையே இல்லை. துக்கம் பிடித்த மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து அவருடைய லாரியில் ஏற்றிவிட்டால் போதும். கூலிகூட வேண்டாமாம், தங்கமான மனுஷன். பதிலுக்குத் தெளிமண் தருவார், விலைக்குத்தான். அது மலையுச்சி மண், மனுஷன் கால் படாத மண். சின்னத் துணிப்பையில் தைத்து வரும். மரத்துக்கு ஒரு பையாக வேரடியில் புதைக்க வேண்டும், பிரிக்கவே கூடாது. பிரித்தால் மகிமை பறந்துவிடும். பிரிக்கக் கூடாது என்று சொன்ன பிறகும் கொட்டகைக்குள் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

சந்தேகம் வந்தது வாசலில் நின்ற ஒருத்திக்கு. எலுமிச்சைத் தோட்டக்காரரின் மனைவி. புகுந்த வீட்டில் அவளுக்குக் 'குறுக்குக்கேள்வி' என்றே பெயர்.

"ஏங்க, அள்ளிட்டுப் போற மண்ணு எங்க போகுது?" என்று சாப்பாட்டு வேளையில் கேட்டாள்.

"ஐயா கொண்டுபோய் அதோட துக்கத்தை ஆத்துவாரு."

"எங்க வச்சு ஆத்துவாரு?"

"ஆரம்பிச்சிட்டியா?" கணவர் தட்டைத் தள்ளி வைத்தார். "பக்கத்துத் தோட்டத்து அண்ணனே குடுத்துட்டாரு. நமக்கு மட்டும் கொம்பா முளைச்சிருக்கு?"

"அண்ணன் தோட்டத்தைப் போய்ப் பார்த்தீங்களா? வேரெல்லாம் வெளிய தெரியுது. நம்ம சரிவுல மேல இருக்கிற ஒரு சாண்தாங்க மண்ணு. கீழ வெறும் கல்லு. அதையும் வழிச்சிட்டா கன்னு எதுல நிக்கும்? மரத்துக்கு நடுவுல பயறு விதைக்கலாம்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"மண்ணு என்ன சொல்லுதுன்னு ஐயாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா?"

சரிவில் நின்ற எலுமிச்சைக் கன்றுகள் அத்தனையும் அவள் கையால் ஒட்டுக் கட்டியவை, இந்த வருஷம்தான் முதல் பூ விட்டிருந்தன. லாரி அடுத்து வரப்போவது அந்தச் சரிவுக்குத்தான்.

லாரி வருமுன் வீட்டுக்கு ஒரு கூடை மண் மாதிரிக்குக் கேட்டிருந்தார் மண்செவியார். தனியே உட்கார்ந்து புனல் வைத்துக் கேட்பாராம். கூடையை நிரப்பியது அவள்தான். நிரப்பும்போது ஒரு பிடி செங்கீரை விதையையும் கலந்துவிட்டாள். கீரை விதை பொடிசு, கறுப்பு, மண்ணோடு மண்ணாகத் தெரியாமல் போய்விடும். வேரிலிருந்து நுனிவரை சிவந்த அந்தக் கீரை, அவள் வீட்டுத் தோட்டத்தைத் தவிர அந்த வட்டாரத்தில் வேறெங்கும் கிடையாது.

கொஞ்ச நாளில் கணவர் தெளிமண் பைகளை வாங்கி வந்து பின்கட்டில் அடுக்கினார். "மண்ணை வழிச்சதும் புதைக்கணும். நீ பிரிச்சுகிரிச்சுத் தொலைக்காதே."

"சத்தியமா பிரிக்க மாட்டேன்."

சத்தியத்தை அவள் மீறவில்லை. தண்ணீர் மட்டும்தான் தெளித்தாள்.

மண் வழிக்கும் நாள் வந்தது. கொட்டகை வாசலில் லாரியும் இயந்திரமும் உறுமிக்கொண்டு நின்றன. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், புனலுக்கு முன்னால் தன் வீட்டுப் பை ஒன்றை வைத்தாள். தையல் வழியே சிவப்புச் சிவப்பாகக் கீரை எட்டிப் பார்த்தது.

"ஐயா, மனுஷன் கால் படாத மலையுச்சியில எங்க வீட்டுக் கீரையை விதைச்சது யாரு? உங்ககிட்ட குடுத்தனுப்பின கூடையிலதானே நான் விதையைக் கலந்தேன்?"

மண்செவியார் அசரவில்லை, தொழில் தெரிந்தவர் அல்லவா. புனலைப் பைமேல் வைத்துக் கேட்டார். "பூரிக்குது. உன் மண்ணோட துக்கம் காத்து வழியா மலைக்கே போய்ச் சேர்ந்திருக்கு. அதிசயம்மா இது."

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தது. "எனக்கு ஒரு இலை குடும்மா," என்றார் ஒருவர். "குடுத்து வச்சவ நீ," என்றாள் ஒருத்தி. குறுக்குக்கேள்விக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க, என்னையும் நம்ப வேண்டாம், அவரையும் நம்ப வேண்டாம். விக்க வச்சிருக்கிற பையில ரெண்டு மூணைப் பிரிச்சுப் பாருங்க. அதிசயம் இருந்தா அதுவும்தான் தெரியட்டுமே."

"பிரிக்காதே. மகிமை பறந்துடும்." மண்செவியார் எழுந்தேவிட்டார். குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் கணவருக்குப் புனல் வைக்காமலே கேட்டது.

கிளை நறுக்கும் கவாத்துக் கத்தரியை எடுத்து ஒரு பையை வெட்டித் தரம் பிரிக்கும் மேசையில் கொட்டினார். எதுவும் பறக்கவில்லை. சொட்டுநீர்க் குழாயின் துண்டு ஒன்று விழுந்தது. இரண்டாவது பையிலிருந்து ஒரு கத்தரி ஸ்பிரிங்.

"இது என்னுது," என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பாய்ந்து எடுத்தார். "போன வருஷம் கவாத்துப் பண்றப்ப தொலைச்சேன். இந்த நீலப் பெயிண்டு நான் அடிச்சது."

மூன்றாவது பையிலிருந்து விழுந்தது ஒரு செருப்பு வார். மனுஷன் கால் படாத மண்ணில் செருப்பு வார். யாரோ ஒருவர் சிரிக்க, மற்றவர்கள் லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க?" என்றார் லாரி டிரைவர். "பைக்குப் போறது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நகரத்துல புல்தரை போடுறவங்களுக்குப் போகுது. இந்த மாதிரி மண்ணு எங்கயும் கிடைக்காதுன்னு அள்ளிட்டுப் போறாங்க."

அண்ணன் மேசைமேலேயே உட்கார்ந்துவிட்டார். "நம்ம தலையில நாமளே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டோமே."

"தலையில போட்டிருந்தா அந்த மண்ணாவது இங்கயே இருந்திருக்கும்ணே," என்றாள் அவள்.

பின்வாசல் வழியாக நழுவப் பார்த்த மண்செவியாரை நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். கணவர் நேரே இயந்திரத்திடம் போனார். "அணைச்சிடுப்பா. எங்க மண்ணு எங்கயும் வரல." திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கக் கூசினார். "அந்தப் பயறு விதைக்கிற விஷயம் என்னவோ சொன்னியே," என்று மட்டும் முனகினார்.

கூட்டம் கலைந்தும் ஒரு கொய்யாத் தோட்டக்காரர் மட்டும் புனலை விடவில்லை. தரையில் கவிழ்த்துக் காதை வைத்துப் பார்த்தார். "ஆனா எனக்கு ஏதோ கேட்டுச்சேம்மா?"

"ஊர் மண்ணையெல்லாம் அள்ளின மனுஷன், நம்ம தலைக்குள்ள இருக்கிற களிமண்ணை மட்டும் தொடாம விட்டுட்டாரு," என்றாள் குறுக்குக்கேள்வி. "அதுக்கு எவனும் லாரி அனுப்ப மாட்டான். நாமளேதான் அள்ளணும்."