உப்புக் காற்றில் மெத்தை ஆய்வு

உறங்கிக்கொண்டே தொழில் நடத்திய தம்பதியர் என்று உலக வரலாறு யாரையாவது குறிப்பிட வேண்டுமானால், அந்தப் பெருமை நமது மெத்தைக் கடைக்காரருக்கும் அவர் மனைவிக்குமே உரியது. மற்ற வணிகப் பெருமக்கள் தூக்கத்தைத் தொலைத்துத் தொழிலை வளர்த்தார்கள். நம்மவர் தூக்கத்தையே தொழிலில் சேர்த்துவிட்டார்.

இந்தப் புரட்சிக்கு வித்திட்டவர் கடைக்கு எதிர் மாடியில் புதிதாகப் பலகை மாட்டிய வரி ஆலோசகர். மெத்தை வாங்க வந்தவர், வாங்காமல் அறிவுரை சொன்னார்.

"எல்லாரும் வருஷக் கடைசியிலதான் வரியைப் பத்தி யோசிக்கிறாங்க அண்ணே. நீங்க பன்னெண்டு மாசமும் யோசிக்கணும்."

இத்தனை காலமும் ஆண்டுக்குப் பதினொரு மாதத்தை வெட்டியாக நிம்மதியில் கழித்துவிட்டோமே என்று கடைக்காரருக்கு நெஞ்சு பதறியது. அன்று முதல், மாதத்தின் முதல் திங்கட்கிழமை, கடையின் பின்னறையில், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே 'வரித் திட்டமிடல் உயர்மட்டக் கூட்டம்' தவறாமல் கூடியது. மூன்றாவது கூட்டத்துக்கு டீ கொண்டுவந்த மனைவி, டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பதவி ஏற்க நேர்ந்தது.

"வீட்டுல நீங்க படுக்கிற மெத்தை யாரோடது, அண்ணே?"

"என்னோடதுதான், தம்பி."

"அங்கதான் தப்பு பண்றீங்க. அது கடையோடது. நீங்களும் அண்ணியும் அதுல படுக்கல. அதைச் சோதனை பண்றீங்க. அண்ணிதான் இனிமே தரச் சோதனை அலுவலர்."

அதன்பிறகு அந்த வீட்டில் விடியற்காலை என்பது அறிக்கையோடுதான் விடிந்தது. 'இடுப்பு: திருப்தி. கழுத்து: மேல் நடவடிக்கை தேவை. பிற: பக்கத்தில் குறட்டை.' கணவர் அதை வாங்கி, ஒப்பமிட்டு, துளையிட்டுக் கோப்பில் கோத்த பிறகே பல் துலக்கினார். மெத்தை போட்டிருந்த அறை 'ஆய்வுக்கூடம்' ஆயிற்று. சாப்பிடும் அறை 'கிடங்கு' ஆயிற்று. அதற்குச் சாட்சியாக மேசை மேல் எப்போதும் நான்கு தலையணைகள் கிடந்தன. குழம்புக் கிண்ணத்துக்கு இடம் பிடிக்கப் பெரும்பாடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரவு மனைவி தரையில் பாயை விரித்தாள்.

"என்ன இது?" என்றார் கடைக்காரர்.

"இன்னிக்கு எனக்கு லீவு. தூங்கறது வேலைன்னா, லீவு நாள்ல நான் எப்படி அதுல தூங்குவேன்?"

சட்டம் அவள் பக்கம் இருந்தது. கடைக்காரர் அன்று அத்தனை பெரிய மெத்தையில் தனியாகப் படுத்துப் புரண்டார்.

மனைவிக்கு ஒரே ஓர் ஆசைதான் உண்டு. கடல் பார்க்க வேண்டும். கல்யாணமான வாரமே "அடுத்த மாசம் போயிட்டு வரலாம்" என்று கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அடுத்த மாதம் இருபத்தோரு வருடமாக வந்துகொண்டே இருந்தது. அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. மனைவி மேல் அவருக்கு நிறையப் பிரியம். படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

பதினோராவது கூட்டத்தில் அலுவலர் வாய் திறந்தாள்.

"எனக்குச் சம்பளம்னு எழுதி வெச்சிருக்கீங்களே, அதை நான் கண்ணால பார்த்ததில்ல. பரவால்ல. ஒரு தடவை கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க, போதும்."

கடைக்காரர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் மேற்கூரையைப் பார்த்தார்.

"சும்மா சுத்திப் பார்க்கப் போனா அது சொந்தச் செலவு அண்ணே. உப்புக் காத்துல பஞ்சு என்ன ஆகுதுன்னு பார்க்கப் போனா, அது ஆய்வு. பஸ்ஸு, ரூமு எல்லாத்தையும் கடைச் செலவா எழுதிக்கலாம்."

"அப்போ மெத்தை?"

"மெத்தை இல்லாம என்னண்ணே மெத்தை ஆய்வு?"

இவ்வாறாக, ஒரு மெத்தை பேருந்தின் கூரையிலேறி எட்டு மணி நேரம் பயணம் செய்து கடற்கரை சேர்ந்தது. முன்முனையைக் கணவரும் பின்முனையை மனைவியும் தலையில் தாங்கி மணலில் நடந்தார்கள். பலூன் விற்பவர் ஒருவர் வழிவிட்டு நின்று, "வீடு காலி பண்றீங்களா?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

மெத்தையை இறக்கியதும்தான் மனைவிக்குக் கடல் தெரிந்தது. மெத்தையை விட்டுவிட்டு நாலடி முன்னே போனாள்.

"எவ்ளோ பெரிசுங்க" என்றாள்.

"ஈரம் அதிகம்னு குறிச்சுக்கோ" என்றார் கடைக்காரர். "அப்படியே திரும்பி நில்லு, போட்டோ எடுக்கணும். அலுவலர் கடலைப் பார்க்கக் கூடாது, மெத்தையைத்தான் பார்க்கணும்."

அவள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பதினேழு படங்கள் எடுக்கப்பட்டன. பிறகு அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். கணுக்கால் நனைந்ததும் சிரித்தபடி திரும்பிக் கைநீட்டினாள்.

"என்னங்க, வாங்களேன். காலை மட்டும் நனைச்சுட்டுப் போங்க."

கடைக்காரருக்கு ஆசை வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். ஒரு செருப்பைக் கழற்றியும் விட்டார். அப்போது ஆலோசகர் வழியனுப்பும்போது சொன்னது காதில் ஒலித்தது: "கால் நனைஞ்சா சுற்றுலா, அண்ணே."

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மெத்தையை யார் பார்த்துக்கிறது?" என்றார்.

நீட்டிய கை சிறிது நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவள் தனியாக நின்றாள். திரும்பி வந்து படிவத்தை எடுத்து நிரப்பினாள்.

பன்னிரண்டாவது கூட்டம் வெற்றி விழாவாகவே நடந்தது. ஆண்டு முழுவதும் திட்டமிட்டதில் மிச்சமான வரியைக் கொண்டு இரண்டு தலையணை உறைகள் வாங்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஆலோசகர் ஒரே ஒரு தாளை நீட்டினார்.

"கடைசியா இது மட்டும்தான். அந்தப் பயணத்துல சந்தோஷம் ஏதாவது இருந்துச்சா? இருந்தா அது சொந்தச் செலவாயிடும்."

"சத்தியமா இல்ல தம்பி" என்றார் கடைக்காரர்.

"நீங்க சொல்லிப் பிரயோசனம் இல்லண்ணே. அலுவலர் எழுதிக் குடுக்கணும்."

தாளில் அச்சிட்டிருந்தது: 'கீழ்க்கண்ட காலத்தில் கடை உரிமையாளருடன் இருந்தபோது நான் எந்த மகிழ்ச்சியும் அடையவில்லை என உறுதி கூறுகிறேன்.' கீழே இரண்டு கோடுகள்: 'முதல்', 'வரை'.

மனைவி பேனாவை வாங்கினாள். யோசிக்கவே இல்லை. இரண்டு தேதிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

படித்த ஆலோசகரின் முகம் மலர்ந்தது.

"அண்ணே, நான் ரெண்டு நாளைக்குத்தான் கேட்டேன். அண்ணி தாராளமா இருபத்தோரு வருஷத்துக்கும் எழுதிக் குடுத்துட்டாங்க."

கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் தேதி அவர்களுடைய கல்யாண நாள். அடுத்தது அன்றைய தேதி. அந்த ஆண்டு முழுவதும் கோப்பில் சேர்ந்த முந்நூற்றுச் சொச்சம் தாள்களில், எந்த அதிகாரி வந்து எப்படித் துருவினாலும் உண்மை என்று நிற்கக்கூடிய தாள் அது ஒன்றுதான்.