வாசலில் வலது ஷூ, கல்விளக்கடியில் இடது ஷூ

சொன்ன பேச்சைக் கேட்காமல் கெட்டவர்களைப் பற்றி ஊரில் ஆயிரம் கதை உண்டு. சொன்ன பேச்சை ஒன்றுவிடாமல் கேட்டுக் கெட்டவர்களுக்கு ஒரு சங்கம்கூடக் கிடையாது. அப்படி ஒன்று தொடங்கினால் போட்டியே இல்லாமல் நான்தான் தலைவி. என் தகுதியில் சந்தேகம் இருந்தால் போர்ட் பிளேரில், மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணனைக் கேளுங்கள். டீ ஆறுவதற்குள் முழுக்கதையும் சொல்லிவிடுவார்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை (ஆகவில்லை என்பது அண்ணி சொல்வது, செய்துகொள்ளவில்லை என்பது நான் சொல்வது). ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. நாள் முழுக்க ஊராரை எல்லாம் தீவு தீவாக அனுப்பிவிட்டு, சாயங்காலம் ஆட்டோ பிடித்து அண்ணன் வீட்டுக்கே திரும்புகிறவள். அப்படிப்பட்டவள் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "நான் ஜப்பானுக்குப் போறேன், தனியா" என்றதும் எழுந்த கூச்சல் சாத்தம் மர ஆலை வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த மேஜையில் அன்று இன்னொரு விவகாரமும் இருந்தது. அண்ணன் மகள் காவ்யாவுக்கு மெயின்லேண்டில் கப்பல் கட்டும் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. அண்ணன் அனுப்ப மறுத்துக்கொண்டிருந்தார். என் பேச்சைக் கேட்டதும் அவருக்கு இரண்டையும் ஒரே கல்லில் அடித்துவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"தேக்கோ, இங்க பாரு அமுதா, பொம்பளப் புள்ள தனியா கடல் தாண்டினா ஒண்ணு அழுவா, இல்ல எனக்குப் போன் பண்ணுவா. ரெண்டுக்கும் ஓடுறது நான்தான்."

"பண்ணாம போயிட்டு வந்தா?"

அண்ணன் மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "காப்பாத்துன்னு ஒரு போன் வராம நீ போயிட்டு வா. காவ்யாவ நானே சென்னைக்குக் கூட்டிட்டுப் போயி ஹாஸ்டல்ல விடுறேன். அவ்ளோதான், பேச்சு முடிஞ்சுது."

மேஜைக்கடியில் காவ்யா என் கையைப் பிடித்து நெரித்தாள். அந்த நிமிடத்தோடு அது என் பயணமாக இல்லாமல் போயிற்று.

கிளம்பும் அன்று விமான நிலையத்தில் அண்ணன் இரண்டு அறிவுரை சொன்னார். "முக்கியமானது எதையும் கைப்பையில வைக்காத, மொதல்ல அதத்தான் அடிப்பான். கோயிலுக்குப் போனா செருப்ப ஜோடியா விடாத. ஒண்ண இங்க வை, ஒண்ண அங்க வை. ஒத்தச் செருப்ப எவனும் தூக்க மாட்டான்." பங்குனி உத்திரக் கூட்டத்தில் அவர் ஒரு செருப்பை வேப்பமரத்தடியிலும் மற்றதை வாழைப்பழக் கடைக்குப் பின்னாலும் விடுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். (இதே அண்ணன்தான் எழும்பூர் ஸ்டேஷனில் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தூங்கி, வெறும் தரையில் தலை வைத்து எழுந்தவர். அது குடும்ப நகைச்சுவை ஆகவில்லை. ஆண் தொலைத்தால் திருட்டு, பெண் தொலைத்தால் புத்திக்கேடு.)

பந்தயம் ஜெயிக்க வேண்டுமே என்று அவர் சொன்ன இரண்டையும் நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். ரயில் தவறவில்லை, வழி தவறவில்லை, பசியில்கூட அழவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் காவ்யாவுக்கு மட்டும் 'நலம்' என்று ஒரு செய்தி. அவள் பதிலுக்குக் கப்பல் படம் ஒன்று அனுப்புவாள்.

கடைசி நாள் கியோட்டோவில். சாயங்காலம் ஒசாகாவிலிருந்து விமானம். பெட்டியை ஸ்டேஷன் லாக்கரில் பூட்டினேன். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைக்கக் கூடாதல்லவா, அதையும் பெட்டிக்குள் வைத்தேன். லாக்கர் சாவியையும் கைப்பையில் வைக்கக் கூடாதல்லவா, இடது ஷூவின் உள்ளட்டைக்கு அடியில் செருகினேன். அடிக்கு அடி குத்தியது. பாதுகாப்பு என்றால் கொஞ்சம் குத்தத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த பொழுதில் மலையடிவாரத்துச் சின்னக் கோயில் ஒன்றுக்குப் போனேன். அந்த ஊர்க் கோயில்களில் சிவப்பு மர வாசலைத் தாண்டி எல்லோரும் ஷூவோடுதான் நடக்கிறார்கள். நானும் அத்தனை நாளாக அப்படியே நடந்து, ராத்திரியானால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி நாள், காவ்யாவுக்காக வேண்டிக்கொள்ள வந்திருக்கிறேன், செருப்புக் காலோடு கேட்டால் எந்தச் சாமி தரும்? வாசலிலேயே கழற்றினேன். கழற்றியதும் அண்ணன் ஞாபகம் வந்தார். வலது ஷூவை வாசல் தூணோரம் வைத்தேன். சாவி உள்ள இடது ஷூவைத் தள்ளியிருந்த கல்விளக்குக்குப் பின்னால் ஒளித்தேன்.

குளிரில் சரளைக்கல் மேல் வெறுங்காலோடு மூன்று சுற்று சுற்றினேன். அங்கே யாரும் சுற்றுவதில்லை. சந்நிதிக்கு நேரே தரையில் விழுந்து கும்பிட்டேன். யாரும் விழுவதும் இல்லை. நான் மயங்கிவிட்டேன் என்று நினைத்து ஒரு பெண்மணி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பெண்ணுக்கு வழி திறந்துவிட்ட பூரிப்போடு வாசலுக்கு வந்தால் வலது ஷூ இல்லை. கல்விளக்குக்கு ஓடினேன். இடதும் இல்லை.

செருப்புத் தொலைந்தால் சனி தொலைந்தது என்பார்கள். எனக்கு அன்றுதான் பிடித்தது.

தண்ணீர் பாட்டில் பெண்மணி கைபேசியில் மொழிபெயர்த்து விசாரித்துச் சொன்னார். ஒற்றை ஷூ கிடந்தால் அந்த ஊரில் 'பாவம், யாரோ தொலைத்துவிட்டார்' என்று எடுத்து ஒப்படைத்துவிடுவார்களாம். வலது ஷூவைக் கண்டெடுத்தவர் கோயில் அலுவலகத்தில் கொடுத்திருந்தார். அது கண்ணாடிப் பையில், கழுவித் துடைத்து, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. இடது ஷூவைக் கண்டெடுத்தவர் வேறொரு நல்லவர். அவர் அதை அடிவாரத்துக் காவல் சாவடிக்கே கொண்டுபோய்விட்டார்.

ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் மலை இறங்கினேன். சாவடியில் இளம் போலீஸ்காரர் எழுந்து நின்று குனிந்தார். வலது ஷூவையும் இடது ஷூவையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவு, நிறம், கயிறு முடிச்சு எல்லாம் ஒப்பிட்டு, இரண்டும் ஒரு ஜோடிதான் என்று திருப்திப்பட்ட பிறகு கொடுத்தார். நான் உள்ளட்டையைத் தூக்கினேன். சாவி இல்லை.

அவர் முகம் மலர்ந்தது. உள்ளே சாவி இருந்ததை அவரே பார்த்தாராம். சாவிக்காரர் ஸ்டேஷனில் தவித்துக்கொண்டிருப்பாரே என்று, அவசரமாக ஆள் போட்டு அங்கே அனுப்பிவிட்டாராம். சொல்லிவிட்டு என் நன்றிக்காகக் காத்திருந்தார். நானும் குனிந்து நன்றி சொன்னேன். வேறென்ன செய்வது?

ஸ்டேஷனில் தொலைந்த பொருள் அறையில் சாவி பத்திரமாக இருந்தது. கொடுப்பதற்கு அடையாளச் சான்று வேண்டும். பாஸ்போர்ட் எங்கே? லாக்கரில். லாக்கரைத் திறக்க? சாவி. சாவியைக் கொடுக்க? பாஸ்போர்ட். அந்த அறையில் இருந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் குனிந்து, சட்டத்தை ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்கவில்லை. மேலதிகாரி வந்தார். அவருக்கும் மேலே ஒருவர் வந்தார். கடைசியில் எல்லோரும் ஊர்வலமாகப் போய் அவர்கள் முன்னிலையில் லாக்கரைத் திறந்து, பாஸ்போர்ட் படத்தையும் என் அழுத முகத்தையும் ஒப்பிட்டு ஒப்படைத்தார்கள். அந்த ஊரில் ஒரே ஒரு திருடன் இருந்திருந்தாலும் போதும். ஒற்றை ஷூ வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போயிருப்பான், நான் விமானத்தைப் பிடித்திருப்பேன்.

விமானம் போய்விட்டது. ஒசாகாவில் வேறு டிக்கெட் எடுக்கப் பார்த்தால் என் கார்டு வேலை செய்யவில்லை. ஜப்பானில் யாரோ என் பெயரைச் சொல்லி ஏமாற்றுவதாக நினைத்து எங்கள் ஊர் வங்கி முடக்கிவிட்டிருந்தது. (அன்றைக்கு உலகமே என்னைப் பாதுகாத்தது.) கவுண்டரில் கூட வேலை செய்யும் பெங்காலித் தோழிக்குப் போட்டேன். அவள் டிக்லிபூர் போகும் கப்பலில் இருந்தாள், சிக்னல் இல்லை. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அண்ணனுக்கு அடித்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. "சொல்லு அமுதா. டென்ஷன் மத் லோ, பதறாத. நான் இருக்கேன்ல" என்றார். இத்தனை அன்பாக அவர் என்னிடம் பேசி வருஷக்கணக்காகிறது. பின்னாலிருந்து காவ்யாவின் குரல் கேட்டது. "யாருப்பா?"

"அத்தைதாம்மா. ஃபஸ் கயி, மாட்டிக்கிட்டா."

அந்தப் போனோடு காவ்யாவின் சென்னை தொலைந்தது.

அண்ணனே டிக்கெட் போட்டுக் கொடுத்தார். போர்ட் பிளேரில் இறங்கியபோது அண்ணனும் அண்ணியும் ஒரு புது ஜோடிச் செருப்போடு வந்து நின்றார்கள், வேடிக்கைக்கு. காவ்யா வரவில்லை. வீட்டுக்குப் போனதும் அவள் அறைக்குப் போனேன். "அப்பா சொன்ன ரூல்ஸ்படிதான்டி நடந்தேன். அதுலதான் மாட்டினேன்" என்றேன். "தெரியும் அத்தை" என்றாள். அண்ணனிடமும் அதையே சொன்னேன். "அரே, ரூல்ஸ் நம்ம ஊருக்கும்மா. ஊரப் பாத்து நடக்கணும். அந்த புத்தி வேணும்ல, அதுக்குத்தான் சொன்னேன், பொம்பளைங்க தனியா..." என்று முடித்தார். முடிந்தது.

காவ்யா இங்கேயே பி.காம் படித்தாள். எதிர்க்கரையில், பம்பூஃப்ளாட்டில் வாழ்க்கைப்பட்டாள். தினமும் சாத்தத்துக்கு ஃபெரியில் வந்து ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். என் கதை மட்டும் நன்றாகவே வளர்ந்தது. அண்ணன் கதையில் நான் வெறுங்காலோடு விமானம் ஏறினேன். போலீஸ் என்னைத் துரத்தியது. குடும்பத்தில் எந்தப் பெண் எங்கே கிளம்புகிறேன் என்றாலும், வேலைக்கோ படிப்புக்கோ, "எங்க அமுதா ஜப்பான் போன கத தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். கதை முடியும்போது அந்தப் பெண்ணின் பயணமும் முடிந்திருக்கும். இதுவரை மூன்று பேர்.

போன மாதம் காவ்யாவின் நாத்தனாரைக் கொடுத்த இடத்துப் புதுச் சம்பந்திகள் அவள் வீட்டுக்கு வந்திருந்தார்கள், நாங்களும் போயிருந்தோம். அண்ணன் ஆரம்பித்தார். பாதியில் காவ்யாவே வாங்கிக்கொண்டாள். அவரைவிட நன்றாகச் சொல்வாள். ஒற்றைக் காலில் நொண்டி நடந்து காட்டினாள், போலீஸ்காரர் மாதிரிக் குனிந்தாள், லாக்கர் அம்மாள் மாதிரிக் கையைப் பிசைந்தாள். எல்லோருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசியில், சிரிப்பு மாறாமலேயே என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அத்தை போன் பண்ணீங்க? தோழி கப்பல விட்டு எறங்குற வரைக்கும் ரெண்டு நாள் அந்த ஏர்போர்ட்லயே உக்காந்திருக்கக் கூடாதா?"

வீடே சிரித்தது. நானும்தான். உட்கார்ந்திருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை.